கரையில் கிடக்கும் மஞ்சள் குருணை என்ன சொல்கிறது?

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேளுங்க.

[கண்ணாடி பாட்டில் குலுங்கும் சத்தம்]

கேட்டுச்சா? ஜவ்வரிசி டப்பாவைக் குலுக்கின மாதிரி இருக்கு இல்ல? பார்க்கவும் ஜவ்வரிசி மாதிரிதான் இருக்கும். என் மேசையில ரெண்டு சின்ன கண்ணாடி பாட்டில் வெச்சிருக்கேன். ஒண்ணுல பால் வெள்ளையில ஒரு கைப்பிடி குருணை. இன்னொண்ணுல மஞ்சளும் பழுப்புமா வெறும் 11 குருணை. வெள்ளை, கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு மீனவ ஊர்க் கரையில 2025 ஜூன் மாசம் நான் அள்ளினது. மஞ்சள், சென்னை பெசன்ட் நகர் பீச்சுல மூணு ஞாயித்துக்கிழமை குனிஞ்சு குனிஞ்சு தேடிப் பொறுக்கினது.

ரெண்டுமே பிளாஸ்டிக். ஆனா ரெண்டும் சொல்ற கதை வேற வேற. அந்த வித்தியாசம் புரியாம நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். நம்ம வீட்டுல இருக்கிற பக்கெட், குடம், ஷாம்பு பாட்டில், பால் கவர் எல்லாமே ஒரு காலத்துல இப்படிக் குருணையாத்தான் இருந்தது. பெட்ரோகெமிக்கல் ஆலைகள் பிளாஸ்டிக்கைப் பக்கெட்டாகச் செய்து அனுப்புவதில்லை. குருணையாகச் செய்து, மூட்டை கட்டி, உலகம் முழுக்க அனுப்புகின்றன. வாங்குகிற ஆலை அதை உருக்கி, தனக்கு வேண்டிய அச்சில் வார்த்துக்கொள்ளும். பெல்லட் என்பார்கள், நர்டில் என்றும் சொல்வார்கள். ஒரு குருணை பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். எடை சுமார் 20 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, 25 கிலோ மூட்டை ஒண்ணுல 10 லட்சத்துக்கும் மேல குருணை இருக்கும்.

லாரியில ஏத்தும்போது ஒரு மூட்டை கிழியும். ஆலை வாசல்ல கொஞ்சம் சிந்தும். யாரும் கூட்டி அள்ள மாட்டாங்க. மழை வந்தா சாக்கடைக்குப் போகும், சாக்கடையில இருந்து ஆத்துக்கு, ஆத்துல இருந்து கடலுக்கு. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணியில மிதக்கும். அதனால கடல் இதை எங்கேயாவது ஒரு கரையில கொண்டுபோய்ச் சேர்க்கும். பிளாஸ்டிக் குப்பைன்னா நாம யூஸ் பண்ணித் தூக்கிப் போட்டதுன்னு நினைக்கிறோம். இது ஒரு தடவைகூட யாரும் யூஸ் பண்ணாமலே குப்பையானது.

சில சமயம் சிந்துவது மூட்டைக் கணக்கில் இல்லை, கப்பல் கணக்கில். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, பிறகு மூழ்கியது. அதில் இருந்த குருணை மட்டும் சுமார் 1,680 டன். நான்கு வருடம் கழித்து, 2025 மே 25 அன்று, 640 கன்டெய்னர்களுடன் எம்.எஸ்.சி எல்சா 3 கேரளக் கடலில் மூழ்கியது. சில நாட்களில் குருணை திருவனந்தபுரம் கரைக்கு வந்தது. பிறகு கன்னியாகுமரிக் கரைக்கும், தனுஷ்கோடி வரைக்கும் வந்தது.

என் காலேஜ் நண்பன் ஒருத்தனுக்கு அந்தக் கன்னியாகுமரிக் கரைதான் ஊர். அவங்க அம்மா மீன் விக்கிறவங்க. நான் போனப்போ கரையில பொம்பளைங்களும் வாலன்டியர்களும் முறம், சல்லடை எல்லாம் வெச்சுக்கிட்டு மணலைச் சலிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு பக்கம் அவங்க சலிக்கிறாங்க, இன்னொரு பக்கம் அலை புதுசாக் கொண்டுவந்து போடுது.

சாயங்காலம் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தப்போ நண்பனோட அம்மா கேட்டாங்க. "மக்களே, நீ இதெல்லாம் படிக்கிற பிள்ளைதானே. இது மீனுக்குள்ள போச்சுன்னா விஷமா? வாங்க வாறவங்க எல்லாரும் கேக்காங்க. பாதிப் பேரு கேட்டுட்டு வாங்காமலே போறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

என்கிட்ட பதில் இல்ல. "டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்மா"ன்னு ரொம்ப நம்பிக்கையாச் சொல்லிட்டேன். மறுநாள் காலையில ஒரு கைப்பிடி வெள்ளைக் குருணையை அள்ளி, ஒரு ஜிப் கவர்ல போட்டு, சென்னைக்குக் கொண்டு வந்தேன். எந்த லேப்லயாவது கொடுத்தா இதுல எவ்வளவு விஷம் இருக்குன்னு சொல்லிடுவாங்க, அதை அந்த அம்மாகிட்டச் சொல்லிடலாம். இதுதான் என் பிளான்.

இதுல ரெண்டு தப்பு இருக்கு. என்னன்னு புரியணும்னா கொஞ்சம் ஜப்பான் பக்கம் போகணும்.

டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹிதேஷிகே தகடா என்று ஒரு பேராசிரியர். அவருடைய குழு ஜப்பானின் நான்கு கரைகளில் கிடந்த குருணைகளை எடுத்துச் சோதித்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. குருணையில் பி.சி.பி இருந்தது. டி.டி.டி சிதைந்தால் வரும் டி.டி.இ இருந்தது.

பி.சி.பி என்பது பழைய டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கெப்பாசிட்டர்களிலும் ஊற்றிய எண்ணெய் போன்ற ரசாயனம். ஜப்பான்காரர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. 1968-இல் மேற்கு ஜப்பானில் ஒரு நிறுவனத்தின் தவிட்டு எண்ணெயில் பி.சி.பி கலந்துவிட, அதில் சமைத்துச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். அதன் பிறகு அங்கே அது தடை செய்யப்பட்டது. தடை செய்து முப்பது வருடம் ஆகப் போன அந்தச் சமயத்திலும், கரையில் கிடந்த பிளாஸ்டிக்கில் அது இருந்தது.

இங்க நியாயமா ஒரு சந்தேகம் வரும். அந்த ரசாயனம் பிளாஸ்டிக் கூடவே ஆலையில இருந்து வந்ததா, இல்ல கடல்ல இருந்து ஒட்டிக்கிட்டதா? அதுக்கு அவங்க பண்ணின சோதனை ரொம்ப சிம்பிள். புத்தம் புதுக் குருணையை எடுத்து, டோக்கியோ விரிகுடாத் தண்ணியில 6 நாள் போட்டு வெச்சாங்க. நாள் ஆக ஆக அதுல பி.சி.பி-யும் டி.டி.இ-யும் ஏறிக்கிட்டே போச்சு. ஆக, கடல்தான் கொடுக்குது. பிளாஸ்டிக் வாங்கிக்குது.

ஏன் வாங்கிக்குதுன்னு புரிய லேப் எல்லாம் வேண்டாம், நம்ம கிச்சனே போதும். சாம்பாரை பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தி ஒரு ராத்திரி வெச்சிருங்க. காலையில எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் அந்த மஞ்சள் கறை போகாது. அதே சாம்பாரை எவர்சில்வர்ல வெச்சா ஒரு கழுவு கழுவினாப் போதும். மஞ்சளில் உள்ள நிறப்பொருளுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, அதாவது அது எண்ணெய்க்குச் சொந்தக்காரன். அதனால் நிறம் தண்ணீரை விட்டுவிட்டு டப்பாவுக்குள் குடியேறிவிடுகிறது. பி.சி.பி, டி.டி.டி எல்லாம் இதே குணம் கொண்டவை. கடல் முழுக்கத் தண்ணீர். அதில் எண்ணெய்ப் பிடிப்புள்ள ஒரு குருணை மிதந்து வந்தால், அதற்குள் போய் ஒண்டிக்கொள்ளும். சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப் போல 10 லட்சம் மடங்கு வரை குருணையில் சேர்கிறது.

தகடாவுக்கு வந்த அடுத்த யோசனைதான் என்னை அசர வெச்சது. குருணை இவ்வளவு சேர்த்து வைக்குதுன்னா, அதையே ஒரு மீட்டராப் பயன்படுத்தலாமே?

கடல்நீரில் இந்த ரசாயனங்கள் மிக மிகக் குறைவாகவே இருக்கும். நேரடியாக அளக்கணும்னா நிறைய தண்ணீர் எடுக்கணும், படகு வேணும், சுத்தமான கருவிகள் வேணும். சிப்பிகளை வைத்து அளக்கும் முறை 1970-களிலிருந்தே இருக்கிறது. ஆனால் சிப்பி கெட்டுப்போகும், ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். எல்லாக் கரையிலும் ஒரே சிப்பி கிடைக்கவும் கிடைக்காது. குருணை கெடாது. உலகத்தின் எல்லாக் கரையிலும் கிடக்கிறது. பேப்பர் கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, சாதாரணத் தபாலில் அனுப்பிவிடலாம்.

2005-இல் தகடா 'இன்டர்நேஷனல் பெல்லட் வாட்ச்' என்று ஒரு திட்டம் தொடங்கி, உலகத்தைப் பார்த்து ஒரு வேண்டுகோள் வைத்தார்: உங்கள் ஊர்க் கரையில் நூறு, இருநூறு குருணை பொறுக்கி எனக்கு அனுப்புங்கள், நான் சோதித்துச் சொல்கிறேன். விஞ்ஞானிகளும் அனுப்பினார்கள், சாதாரண மக்களும் அனுப்பினார்கள். 2009-இல் வந்த முதல் பெரிய முடிவில் 17 நாடுகள், 30 கரைகள் இருந்தன.

பி.சி.பி அதிகமாக இருந்தது அமெரிக்கக் கரைகளில். அடுத்து மேற்கு ஐரோப்பா, ஜப்பான். வெப்பமண்டல ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் குறைவு. யார் அதிகமாக ஆலை கட்டினார்களோ அவர்கள் கரையில் அதிகம். அதே இடங்களில் சிப்பிகளில் அளந்த கணக்கோடும் இந்தப் போக்கு ஒத்துப்போனது. அதனால்தான் குருணை சொல்வதை நம்பலாம் என்று ஆனது.

டி.டி.டி கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க மேற்குக் கரையிலும் வியட்நாமிலும் அது அதிகமா இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஏன்னு கேட்டா, அங்கே மான்ட்ரோஸ் என்ற நிறுவனம் 1947 முதல் 1982 வரை டி.டி.டி தயாரித்தது. அதன் கழிவு நகரச் சாக்கடை வழியாகப் பல வருடம் கடலுக்குப் போனது. அமெரிக்கா டி.டி.டி-யைத் தடை செய்தது 1972-இல். கடலடி வண்டலில் படிந்த டன் கணக்கான டி.டி.டி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

வியட்நாம் குருணை வேறொன்று சொன்னது. டி.டி.டி காலப்போக்கில் டி.டி.இ போன்ற வேறு பொருட்களாக மாறிக்கொண்டே போகும். வியட்நாமில் அப்படி மாறாத, அசல் டி.டி.டி-தான் அதிகமாக இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தா அது எப்ப அணைஞ்சதுன்னு தெரியும் இல்லையா, அது மாதிரி. சாம்பல் இன்னும் சூடா இருக்கு. அப்படின்னா மலேரியாக் கொசுவை ஒழிக்க அங்கே சமீபத்திலும் அடித்திருக்கக்கூடும் என்று அந்தக் குழு சொன்னது.

தென் ஆப்பிரிக்கப் பகுதிக் குருணையில் எச்.சி.எச் என்ற பூச்சிக்கொல்லி அதிகமாக இருந்தது. பேரு புதுசா இருக்கேன்னு பார்த்தேன். அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர் பி.எச்.சி பவுடர்! எங்க தாத்தா வீட்டுல எறும்புக்கு அதைத்தான் சுவர் ஓரமாத் தூவுவாங்க. இந்தியா அதைத் தடை செய்தது 1997-இல். டி.டி.டி-க்கு விவசாயத்தில் தடை வந்தது 1989-இல், கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. தடைன்னா கடையில கிடைக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே தூவினது எங்கேயும் போயிடல.

சரி, இப்ப என் ரெண்டு பாட்டிலுக்கு வருவோம்.

கடலில் ரொம்ப நாள் வெயிலில் மிதந்த குருணை மஞ்சளாகும். பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் பொருட்கள் காற்றும் வெயிலும் பட்டு மாறுவதால் வரும் நிறம் அது. சாம்பார் கறை இல்லை. ஆனால் மஞ்சள் என்றால் வயது என்று அர்த்தம். வயது அதிகமானால் உறிஞ்சினதும் அதிகம். ஜப்பானில் சோதித்தபோதும் நிறம் மாறிய குருணையில்தான் பி.சி.பி கூடுதலாக இருந்தது. அதனால்தான் பெல்லட் வாட்ச்காரர்கள் மஞ்சள் குருணையைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள்.

அதுலயும் ஒரே ஒரு குருணையை நம்ப மாட்டாங்க. அது எந்தக் கடல்ல இருந்து மிதந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும்? அதனால அஞ்சு அஞ்சாப் பிரிச்சு, அஞ்சு கூட்டமாச் சோதிச்சு, நடுவுல வர்ற அளவை எடுத்துப்பாங்க. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுத முடியாதே.

இப்ப என் தப்பு புரியுதா? நான் அள்ளினது கப்பல் மூட்டையில இருந்து சில வாரம் முன்னாடி சிந்தின வெள்ளைக் குருணை. அது கடல்ல இருந்தது கொஞ்ச நாள்தான். அந்தக் கடலைப் பத்தி அதுக்கு எதுவும் பெருசாத் தெரியாது. நேத்து குடி வந்தவங்ககிட்ட தெருவோட வரலாறு கேட்ட மாதிரி. ரெண்டாவது தப்பு, அதைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டது. பிளாஸ்டிக் உறிஞ்சும்னு இவ்வளவு நேரம் பேசினேனே, கவரும் பிளாஸ்டிக்தானே? அலுமினிய ஃபாயில்லதான் மடிக்கணும்.

இது என் அசட்டுத்தனம் மட்டும்னா சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. விபத்து நடந்த கரையில, புது வெள்ளைக் குருணையை மட்டும் அள்ளி யாராவது சோதிச்சா ரிசல்ட் என்ன வரும்? பெருசா ஒண்ணும் இல்லைன்னு வரும். அதைக் காட்டி, 'பாருங்க, கடல் சுத்தமா இருக்கு'ன்னு ஒரு அறிக்கை எழுதிடலாம். தப்பான சாட்சியைக் கூப்பிட்டா கேஸே மாறிடும். அது மட்டும் இல்ல. இப்ப அள்ளாம விட்ட வெள்ளைக் குருணைதான் கொஞ்ச வருஷத்துல மஞ்சள் குருணை. அது இன்னைக்குக் காலி டப்பா. கடல் அதை நிரப்பிக்கிட்டே இருக்கும். அந்தப் பொம்பளைங்க முறத்தை வெச்சுச் சலிச்சது வெறும் க்ளீனிங் வேலை இல்லைன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நிரம்புறதுக்கு முன்னாடி அதைக் கடல்ல இருந்து எடுத்துட்டாங்க.

போன மாசம் நண்பனோட அம்மாவுக்கு போன் பண்ணினேன். ரொம்ப லேட்டுதான். தெரிஞ்சதை அப்படியே சொன்னேன். "அம்மா, அந்த வெள்ளைக் குருணையை வெச்சு மீன் விஷம்னு சொல்ல முடியாது. மீன் நல்லதுன்னும் சொல்ல முடியாது. இந்த மாதிரி ரசாயனம் மீனுக்குப் பெரும்பாலும் அது தின்ற இரை வழியாத்தான் போகுது. குருணை தண்ணியைப் பத்திச் சொல்லும். மீனைப் பத்தித் தெரியணும்னா மீனைத்தான் டெஸ்ட் பண்ணணும்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "அப்போ அதை யாரு பண்ணணும் மக்களே? நானா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோட். மீன் நல்லதா இல்லையான்னு நிரூபிக்கிற பாரம், மீன் விக்கிற அம்மா தலையில விழுது. குருணையைச் செஞ்சவங்க, ஏத்தினவங்க, கொண்டுபோனவங்க யாரு தலையிலயும் விழல. கப்பலில் குருணையை எப்படிக் கட்டணும், எங்கே அடுக்கணும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2024-இல் சில பரிந்துரைகள் வெளியிட்டது. நல்ல மூட்டை, சரக்கு என்னவென்று தெளிவான தகவல், முடிந்தால் மேல்தளத்தில் அடுக்காமல் கீழே வைப்பது. ஆனால் அவை பரிந்துரைகள், கட்டாயம் இல்லை. அது கட்டாயமாகணும். மீன் இறங்குதளத்துல மீனைச் சோதிச்சு, அந்த ரிசல்ட்டை அந்த ஊர்க்காரங்களுக்குப் புரியிற தமிழ்ல எழுதி ஒட்டணும். இது ரெண்டும் பெரிய ஆசை இல்லைன்னு நினைக்கிறேன்.

நாம என்ன பண்ணலாம்? அடுத்த தடவை பீச்சுக்குப் போனா, பஜ்ஜி கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அலை கடைசியா ஏறி நின்ன கோடு இருக்கும், காய்ஞ்ச பாசி, குச்சி எல்லாம் ஒதுங்கி இருக்கும். அங்க குனிஞ்சு பாருங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது. ஒண்ணு கண்ணுல பட்டுட்டா அப்புறம் வரிசையாத் தெரியும். அனுப்புற ஐடியா இருந்தா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அல்லது ட்வீஸரால எடுங்க. மஞ்சளாப் பாத்து எடுங்க. ஃபாயில்ல மடிச்சு, பேப்பர் கவர்ல போட்டு, இடமும் தேதியும் எழுதுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பெல்லட் வாட்ச் இணையதளத்தை ஒரு தடவை பாத்துக்கோங்க. அனுப்பலைன்னாலும் பரவாயில்ல, வெள்ளையோ மஞ்சளோ, கண்ணுல பட்டதைக் கடலுக்குத் திருப்பி விடாதீங்க.

என்கிட்ட 11 இருக்கு. நூறு ஆகணும்னா இன்னும் நிறைய ஞாயித்துக்கிழமை வேணும். கூட வர்றவங்க மெசேஜ் பண்ணுங்க, காலையில ஆறு மணிக்குப் போகலாம். நூறு சேர்ந்து, அனுப்பி, பதில் வந்தா, அது என்ன சொன்னாலும் இதே இடத்துல படிச்சுக் காட்டுறேன். முதல் போன் மட்டும் அந்த அம்மாவுக்குத்தான்.